மேல்தட்டில் மங்கோலியா

நாரே,

இல்லை, நம் குடியிருப்பு நூலகத்தை இன்னும் மூடவில்லை, நான்தான் இன்னும் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைதான் குடியிருப்போர் கூட்டம், கை தூக்கி முடிவு செய்வார்கள். அதுவரை நான் நலம், என் முழங்கால் சுமார், அப்பா தொலைக்காட்சி முன்னால் நலம். நீயும் உன் ஆடுகளும் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன்னைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. போன வாரம் லிஃப்டில் யேவுல் அம்மா, மத்த பிள்ளைங்க படிக்காம ஆடு மேய்க்கும், உங்க பொண்ணு படிச்சுட்டுப் போய் மேய்க்குது என்றாள். மேய்க்கல, ஊசி போடுது என்றேன். ஆட்டுக்குத்தானே என்றாள்.

அவள்தான் இப்போது மகளிர் சங்கத் தலைவி. முந்நூறு புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு வாசிப்பு அரசன் பட்டம், புத்தகத்துக்கு ஒரு ஸ்டிக்கர், எல்லாம் அவள் யோசனை. காய்கறி வாங்கும் வண்டியை இங்கே இழுத்து வந்து மெலிந்த புத்தகங்களாகப் பார்த்துப் பத்துப் பத்தாக அள்ளிப் போகிறாள். மகள் உலகத்தையே அறிய வேண்டுமாம், உலகம் முப்பது பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் யேவுல் மனதைத் தொட்டது என்று எழுத வேண்டும். பல் துலக்கும் புத்தகமும் தொட்டிருக்கிறது.

இருநூற்றுப் பதினொன்றில் யேவுல் நின்றுவிட்டாள். எட்டு வயது. நீ இருக்கும் மங்கோலியாவின் மேய்ப்பர்கள் பற்றிய ஒரே புத்தகத்தை இரண்டு வாரமாக விடவில்லை. அவங்க வீடு மாறும்போது வீட்டையும் மடிச்சு எடுத்துட்டுப் போறாங்க, நாம மட்டும் ஏன் விட்டுட்டுப் போறோம் என்றாள். மறுநாள் அவள் அம்மா வந்தாள். இதெல்லாம் பரீட்சையில வருமா நாரே அம்மா, அந்த ஒண்ண மட்டும் எங்கயாவது ஒளிச்சு வைங்க, முந்நூறு முடியட்டும் என்றாள். இந்த அறையைத் தடுப்பு மேசைகள் போட்டுப் பரீட்சைக்குப் படிக்கும் இடமாக்கக் கேட்கிறவர்கள் நிறையப் பேர், அவள்தான் தடுத்துக்கொண்டிருக்கிறாளாம். மிரட்டவில்லை. கமலாப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

ஒளித்துவிட்டேன். மேல்தட்டில், அகராதிகளுக்குப் பின்னால். எனக்கு இது புதிதா. நுழைவுத் தேர்வு வருடம் உன் அட்லஸை கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டியின் அடியில் வைத்தவள் நான். அதன் வாடை போவதற்குள் நீ போய்விட்டாய்.

நேற்று யேவுல் அம்மாவோடு வந்தாள். தட்டில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. நாளுக்குப் பத்துக் கேள்வி கேட்கும் பெண். மெலிந்த புத்தகங்கள் பத்தை எடுத்து, பிரிக்காமலே, மனதைத் தொட்டது என்று பத்து முறை எழுதினாள். நான் பத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். அவள் அம்மா கைதட்டினாள். அந்த ஓசைக்காகத்தான் இந்த அறையைக் காப்பாற்றுகிறேனா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

உனக்கு நல்ல மேய்ச்சலும் சூடான அடுப்பும் வாய்க்கட்டும். கம்பளி உள்ளாடை இரண்டு அனுப்பியிருக்கிறேன், அழகாக இல்லை, போட்டுக்கொள். மறக்காமல் யேவுலின் கேள்வியை அங்கே யாராவது பெரியவர்களிடம் கேட்டு அவளுக்கே எழுது. அறை இருந்தால் அறைக்கு, இல்லாவிட்டால் அவள் வீட்டுக்கு, 102ஆம் கட்டடம்.

ஆட்டு டாக்டரின்
அம்மா

உறையை ஒட்டவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். நாற்காலி போட்டு ஏறி மங்கோலியாவை இறக்கினேன். யேவுலின் கைக்கு எட்டும் தட்டில், அட்டை தெரிய வைத்தேன். பிறகு அவள் அம்மாவுக்கு போன் செய்து, அந்தப் புத்தகத்தை மறுபடி வெளியே வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.