உபவாசம் இருந்த தீவான்

அண்ணை,

இன்று காலை ஹோர்சன்ஸுக்குப் போவதற்காகக் கறுப்புக் கோட்டை வெளியே எடுத்தேன். கழுத்துப்பட்டியில் ஒரு வெள்ளை மயிர். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. உங்களுக்கு முன்னரே வெள்ளையன் போய்விட்டான். இந்தக் கோட்டைக் கடையில் கொடுத்துக் கழுவியும் எடுத்தேன். ஆனாலும் உங்கள் நாய் இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பருவம் மாறும்போதெல்லாம் உங்கள் கம்பளத்தில் இன்னொரு நாய்க்குப் போதுமான மயிர் கிடக்கும். "எறியாதை பிள்ளை, தலையணை தைக்கலாம்" என்பீர்கள். அன்றைக்கே உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த மெட்டேதான் வெள்ளையனைக் கொண்டுவந்தவள். குழந்தையிலேயே கொரியாவிலிருந்து ஒரு டேனிஷ் குடும்பத்துக்குத் தத்து வந்தவள். பெற்ற தாயைத் தேடி அங்கே போனாள். தாய் கிடைக்கவில்லை, ஒரு நாயோடு திரும்பி வந்தாள். பிறகு ஹோர்சன்ஸில் வேலை கிடைத்தது. நாய் வைத்திருக்க விடாத மாடி வீடு. இவனை யாராவது எடுப்பீர்களா என்று இடைவேளையில் கேட்டபோது எல்லோரும் கோப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். நீங்கள் மட்டும் என்ன இனம் என்று கேட்டீர்கள். ஜிந்தோ என்றாள். கொரியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஒரு தீவின் பெயர் அது என்றாள். உங்களுக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது.

"பிள்ளை, இது எங்கட ஆள். தீவான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சங்கிலியைக் கையில் வாங்கினீர்கள். நெடுந்தீவில் பிறந்தவருக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்த யாரும் அந்த இனத்தின் சரித்திரத்தைக் கேட்காமல் திரும்பிப் போனதில்லை. தீவைச் சுற்றிப் பொல்லாத நீரோட்டம், அதனால் வேறு நாய் கலக்கவில்லை. மொங்கோலியப் படையோடு வந்தது என்று சிலர் சொல்வார்களாம், உடைந்த சீனக் கப்பலிலிருந்து தப்பி வந்தது என்று வேறு சிலர். அரசாங்கமே சட்டம் போட்டு அதைக் காப்பாற்றுகிறது. இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கு அப்பிடியொரு சட்டமும் இல்லை" என்பீர்கள். தூரப் பட்டணத்துக்கு விற்கப்பட்ட ஒரு ஜிந்தோ மாதக்கணக்கில் நடந்து, எலும்பும் தோலுமாகத் தன் பழைய வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்த கதையோடு முடிப்பீர்கள். ஊரில் போர் முடிகிற அந்த வசந்த காலத்தில் மட்டும் அந்தக் கடைசிக் கதையை நீங்கள் சொல்லவில்லை. வன்னியில் இருந்த உங்கள் தங்கச்சியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

வெள்ளையன் வந்ததும் அந்தக் கிழமைகளில்தான். வந்தவன் சாப்பிடவில்லை. தண்ணீரை மட்டும் நக்கிவிட்டுக் கதவைப் பார்த்தபடி இருந்தான். நீங்கள் அவனை விருந்தாளியாகவே நடத்தினீர்கள். "கொஞ்சமெண்டாலும் சாப்பிடுங்கோ" என்று ஒரு நாயிடம் மரியாதையாகக் கெஞ்சிய ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் சிரித்தபோது, "முதல் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம், திருப்பித் திருப்பிக் கேக்கவேணும்" என்றீர்கள். என் மீன் கட்லட்டை வேண்டாம் என்று சொன்ன ஒரு சீவனும் டென்மார்க்கில் இல்லை என்ற பெருமை எனக்கு. ஒன்றை மூக்கடியில் வைத்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டில் ஊருக்காக உபவாச ஜெபம். முழங்காலில் நின்ற பாஸ்ரரின் கண் வெள்ளையனின் நிறைந்த சோற்றுக் கிண்ணத்தில் விழுந்தது. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார், சொன்னீர்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் சபையில் அதுதான் பிரசங்கம். நாயே உபவாசம் இருக்கிறதாம், அந்த வாயில்லாச் சீவனுக்கு இருக்கிற பாரம் எங்களுக்கு இல்லையாம். எஸ்பியர்க்கிலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து நாயைப் பார்த்தார்கள். அடுத்த உபவாசத்தை மத்தியானத்தோடு முடித்து ரோல்ஸ் சாப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. நாய் முடிக்காமல் நாங்கள் எப்படி முடிப்பது? பின்னேரம் வரை பசியோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு ஊக்கமாக ஒரு நாய்க்காக நான் ஜெபித்ததில்லை.

நான் மெட்டேக்கு ரெலிபோன் எடுத்தேன். அது ஒருவரைத்தான் தன் ஆளாக எடுக்கும், பிறர் கையால் லேசில் வாங்காது, வற்புறுத்த வேண்டாம் என்றாள். சொல்லும்போதே அழுதாள். உங்களிடம் சொன்னேன். "தெரியும்" என்றீர்கள். "பாஸ்ரர் சந்தோசமா இருக்கிறார், விடு."

ஆனால் எனக்குப் பயம் பிடித்தது. நான் மூடி வைத்துவிட்டுப் போகும் பிட்டு, மறுநாளும் அப்படியே மேசையில் இருந்தது. சபை நாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, உங்களை ஒருவரும் கவனிக்கவில்லை. "தங்கச்சி அங்க என்னத்தைச் சாப்பிட்டாளோ, எனக்கு இறங்குதில்லை" என்றீர்கள். உங்களையும் நாயையும் ஒன்றாகப் பறிகொடுக்கப் போகிறேன் என்றே நினைத்தேன்.

போர் முடிந்தது என்று ரீவியில் சொன்ன பின்னேரம், வேலை முடிந்த கையோடு பிட்டும் பொரித்த மீனும் கொண்டு வந்தேன். டேனிஷ் செய்தியில் எங்களுக்கு ஒரு நிமிடம் தந்துவிட்டு மழை எங்கே பெய்யும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நீங்கள் ரீவியை நிறுத்தினீர்கள். எனக்குச் சாப்பிடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பசி வேறு. கதிரையெல்லாம் நாய் மயிர். குசினித் தரையில், வெள்ளையனுக்குப் பக்கத்தில் இருந்து, உங்களுக்குக் கொண்டுவந்ததை நானே சாப்பிடத் தொடங்கினேன்.

கிட்ட வந்து என் தட்டைப் பார்த்தீர்கள். "அது எனக்கெல்லோ கொண்டுவந்தனி?"

"நீங்கள்தான் சாப்பிடமாட்டியளே."

முழங்கால் முறிய நீங்களும் தரையில் இருந்து, என் தட்டிலிருந்தே ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தீர்கள். அடுத்த பிடி பாதி வழியில் நின்றுவிட்டது. அழுதீர்கள். வெள்ளையன் எழும்பி வந்து, அந்தக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, அதிலிருந்த பிட்டைச் சாப்பிட்டான். சந்தோசத்தில் நானும் ஒரு மீன் துண்டை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சில நாள் கழித்து முகாமிலிருந்து யாருடையதோ ரெலிபோனில் தங்கச்சி கதைத்தாள். உயிரோடு இருக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "சாப்பிட்டியளோ அண்ணை?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஓம், ரெண்டு பேரும் சாப்பிட்டம்."

"ஆர் அந்த ரெண்டாவது ஆள்?" என்றாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு உங்கள் கலியாணக் கவலை. "ஒரு கொரியாக்காரன்" என்றீர்கள்.

மெட்டேயை வளர்த்த தாய் போன கிழமை செத்துப்போனார். அவள் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று வேலையிடத்தில் சொன்னார்கள். பிட்டும் மீனும் கட்டி வைத்துவிட்டேன். அவளைச் சாப்பிடச் சொல்லப் போவதில்லை. அவள் வீட்டுத் தரையில் இருந்து என் பாட்டில் சாப்பிடத் தொடங்குவேன், பிறகு அவள் விருப்பம். கோட்டில் இருந்த மயிரைத் தட்டவில்லை. அது யாருடையது என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.