ஆரஞ்சுப் பெட்டியில் எமில்

ஞாயிறு, டிசம்பர் 1, 1991

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்பு. எழுத்துகள் வரிசையில் நிற்கவில்லை. சில குந்தியிருக்கின்றன, சில மேட்டில் ஏறுகின்றன. ஐம்பது வருடம் கல் கொத்திய கை, உளியைப் பிடித்த பலத்தோடுதான் பென்சிலையும் பிடிக்கிறது. இன்று மட்டும் மூன்று முனை உடைந்தது. பரவாயில்லை. எழுபத்துநான்கு வயதில் நான், ஷாபோ, எழுதிவிட்டேன்.

தினமும் எழுத வேண்டுமாம். “என்னத்த எழுதறது?” என்று கேட்டேன். “சாப்பிட்டதை எழுதுங்க” என்றாள் முதியோர் எழுத்து வகுப்பின் ஸீவா டீச்சர்.

சாப்பிட்டது: ரொட்டி, ஆலிவ், புளிப்பு சூப்.

செவ்வாய், டிசம்பர் 3

ஹனுக்கா, எங்கள் யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகை. இன்று மூன்றாம் விளக்கு. தனியாக ஏற்றினேன்.

எமில் கண்மூடிப் பதினொரு மாதம் ஆகிறது. அவன் பெயரை எழுதிப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். எமில். எமில். எமில். மூன்றாவது நேராக வந்தது.

இந்த ஊரில் முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவன். இரண்டு கதைப் புத்தகம் போட்டவன். முப்பத்துநான்கு வருடம் இந்த இரண்டு அறையில் என்னோடு இருந்தவன். தெருவுக்கு நான் வீட்டுக்காரன், அவன் வாடகைக்கு இருக்கும் வாத்தியார். வெளியில் நானும் “வாத்தியார்” என்றுதான் சொல்வேன்.

கிடைத்த புத்தகத்தை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டினான். தன் நாட்குறிப்பை மட்டும் காட்ட மாட்டான். பதினேழு நோட்டு, ஒரு கட்டு கடிதம், எல்லாம் ஓர் ஆரஞ்சுப் பழப் பெட்டியில். “இது நீயே படிக்கவேண்டியது. உக்காரு, ஒரு மாசத்துல சொல்லித் தர்றேன்” என்பான். “அப்ப அது அப்படியே கிடக்கும்” என்பேன் நான். ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம். ஊர் வாத்தியார்களிலேயே நல்ல வாத்தியார் என் வீட்டில் இருந்தான். நான் இரண்டு பஸ் மாறி அடுத்த பேட்டைக்குப் போய்ப் படிக்கிறேன்.

வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்தான். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறானோ என்று பயம். ஒன்றுமே எழுதவில்லையோ என்று அதைவிடப் பெரிய பயம்.

வியாழன், டிசம்பர் 5

பென்சில் செதுக்குவது கல் செதுக்குவதைவிடக் கஷ்டம்.

ஞாயிறு, டிசம்பர் 8

நேற்று ஓய்வு நாள், எழுதக் கூடாது. ஜெபக்கூடத்தில் வழக்கம்போல் சிநேகிதன் நாஹூம் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஜெபம் எல்லாம் மனப்பாடம். குர்திஸ்தானில் என் அப்பா வாயால் சொல்லிக் கொடுத்தது. புத்தகம்தான் தெரியாது. நாஹூம் பக்கம் திருப்பும்போது ஓரக்கண்ணால் பார்த்து நானும் திருப்புவேன். முப்பது வருடத்தில் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்று வகுப்பு முடிந்து வந்து தைரியமாகப் பெட்டியைத் திறந்தேன். கடிதக் கட்டின் மேல் ஒரே ஒரு சொல். ஹீப்ருவில் மூன்று எழுத்து. விரல் வைத்துப் படித்தேன்.

ஷாபோ.

எல்லாக் கடிதமும் எனக்குத்தான். ஒன்றையும் தபாலில் போடவில்லை. எப்படிப் போடுவான், ஒரே வீடு. கட்டை அவிழ்க்கவில்லை. அவசரப்பட்டால் எழுத்து ஓடிவிடும். சந்தோஷத்தில் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

ஞாயிறு, டிசம்பர் 15

மூன்று நாளாக மழை. எமில் அறையில் ஒழுகுகிறது. ஊர்முழுக்க வீடு கட்டிய கொத்தனாரின் வீடு ஒழுகுகிறது. எமில் இருந்தால் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான்.

பெட்டியைக் கட்டி ஜெபக்கூடத்துக்குத் தூக்கிப்போனேன். வடக்கு மூலை, மர அலமாரிப் பக்கம்தான் காய்ந்த இடம். அங்கே வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் இருக்கட்டும், கூரையை அடைத்துவிடலாம்.

செவ்வாய், டிசம்பர் 17

இன்று நிறைய எழுத வேண்டும். நோன்பு நாள் வேறு, கையில் பலம் இல்லை. ஆனாலும் எழுதுவேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் பெட்டி இல்லை. அலமாரியும் காலி. அப்போதுதான் தலையில் இடித்தது. அது கிழிந்த ஜெபப் புத்தகங்களைப் போடும் அலமாரி. கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்பதால் அங்கே சேர்த்துவைப்போம். நிறைந்ததும் கல்லறையில் மனிதரைப் புதைக்கிற மாதிரி புதைப்போம். அதன் பக்கத்தில் பெட்டியை வைத்தால் யாரானாலும் என்ன நினைப்பான்? மடையன் நான்.

பஸ் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். குழி தயார். பத்துப் பேர் நிற்கிறார்கள், நாஹூமும்தான். ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்லிமான் மண்வெட்டியோடு. சின்னவர்கள் என்னை ‘மாமோ’ என்பார்கள், மாமா என்று அர்த்தம்.

“நிறுத்துப்பா, என் பெட்டி உள்ளே வந்துடுச்சு.”

“எது மாமோ? ஏழு இருக்கு, ஏழும் ஆரஞ்சுப் பெட்டி.”

மூன்றாவதைப் பிரித்தேன். மூன்று எழுத்து என்னைப் பார்த்தது. “இது.”

“உள்ள என்ன? கடவுள் பேர் இருந்தா வெளிய எடுக்க விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். என் கண்ணாடி வீட்ல இருக்கு. நீயே ஒரு பக்கம் படி, கேப்போம்.”

பத்துப் பேரும் பார்க்கிறார்கள். இவன் முப்பது வருடமாகப் பக்கம் புரட்டுகிறவன், படிக்காமலா போவான் என்று. மேலே கிடந்த நோட்டைத் திறந்தேன். விரல் வைத்தேன். சொல் சொல்லாக வந்தது.

“இன்று மழை. ஷாபோ மறுபடியும் என் சூப்பில் எலுமிச்சை பிழிந்துவிட்டான். இருபது வருடமாக வேண்டாம் என்கிறேன். சாப்பிட்டு முடித்தேன். நன்றாக இருந்ததா என்று கேட்டான். இல்லை என்றேன். சிரித்தான். இந்தச் சிரிப்பை விட்டுவிட்டு நான் எங்கும் போகமாட்டேன். அவன் தூங்கும்போது அவன் கை என் மேல் கிடக்கிறது. கல் மாதிரி கனம். எடுத்தால் எனக்குத் தூக்கம் வராது.”

சொல்லைப் பிடிப்பதிலேயே கவனம். என்ன படித்தேன் என்பது படித்து முடித்த பிறகுதான் புரிந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை. மழை படாமல் நோட்டை மூடினேன்.

“எலுமிச்சை இல்லாம அது என்ன சூப்பு?” என்றது ஒரு குரல்.

“நோன்பு அன்னிக்கு இதையா படிக்கணும் மாமோ? வயிறு கூவுது” என்றது இன்னொரு குரல்.

ஸ்லிமான் இருமினான். “வாத்தியார் எங்கயாவது கடவுள் பேர் எழுதியிருப்பாரா?”

“எமிலா? அவன் கடவுளைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாவும் சொன்னதில்ல, கெட்டதாவும் சொன்னதில்ல.”

எமில் என்று சொல்லிவிட்டேன். முதல் தடவை, எல்லார் காதிலும்.

“அப்ப இது புதைக்கிற சாமான் இல்ல. தூக்கிட்டுப் போ, நனையுது” என்று ஸ்லிமான் தன் குடையை என் கையில் திணித்தான்.

எமிலின் கடவுள் நம்பிக்கையின்மைதான் இன்று அவனைக் காப்பாற்றியது. அவனிடம் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்ல?

புதன், டிசம்பர் 18

நாஹூம் வந்தான். வாசலிலேயே நின்றான். நேற்றுப் படித்ததைப் பற்றிச் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

“நேத்து படிச்சியே,” என்றான்.

“ஆமா. என்ன இப்ப?”

“விரல வச்சு, எழுத்துக் கூட்டி, சின்னப் பிள்ளை மாதிரி படிச்ச. உனக்குப் படிக்கத் தெரியாதாடா?”

“நாலு மாசமாத்தான் தெரியும்.” பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை: “எமில் விஷயம்?”

“அது யாருக்குடா தெரியாது? முப்பது வருஷமா ஒரே குடையில வர்றீங்க. அதை விடு.” உள்ளே வந்து கதவைச் சாத்தினான். முகம் வெளுத்துப்போயிருந்தது. “அப்ப ஜெபக்கூடத்துல நீ எதைப் பாத்துப் பக்கம் திருப்பின?”

“உன்னத்தான்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“நான் உன்னப் பாத்துல்லடா திருப்பினேன்.”

வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். சூப் கொடுத்தேன். எலுமிச்சையோடு.

ஞாயிறு, டிசம்பர் 22

நேற்று முதல் தடவையாகப் புத்தகத்தைப் பார்த்துத் திருப்பினேன். மற்றவர்கள் எல்லாம் பதினொரு பக்கம் தள்ளி இருக்கிறார்கள். இத்தனை வருடமும் நானும் நாஹூமும் எங்கே இருந்தோமோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். அவன் முழங்கையால் இடித்து, “இப்ப எந்தப் பக்கம்?” என்றான். காட்டினேன்.

இன்று இரண்டு பஸ்ஸிலும் என் பக்கத்தில் அவன். பென்சில் மெலிசாக இருக்கிறதாம், டீச்சர் வேகமாகப் பேசுகிறாளாம், ஜன்னலில் காற்று வருகிறதாம். முதல் நாள் நானும் இதையேதான் சொன்னேன்.

கூரை அடைத்தாயிற்று. பெட்டி எமில் கட்டிலின் மேல் இருக்கிறது. சாயங்காலம் கட்டை அவிழ்த்து முதல் கடிதத்தை எடுத்தேன். முதல் வரி:

“ஷாபோ, இதை நீயே படிக்கிறாய் என்றால், பிடிவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன்.”

ஜெயித்தாய். ஒத்துக்கொள்கிறேன்.

அதோடு மடித்து வைத்துவிட்டேன். வேகமாகப் படிக்கத் தெரியாதது எவ்வளவு நல்லது. அடுத்த ஞாயிறு இரண்டாவது வரி. என்ன சொல்கிறான் என்று படித்துவிட்டு எழுதுகிறேன்.