பின்வரிசையில் இருந்தவர்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று பதினோரு மூக்குக்கண்ணாடி. ஒன்றில் வலது லென்ஸை இடதில் பொருத்திவிட்டு மறுபடி கழற்றினேன். எதிரே ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண், மூன்றாவது நாளாக அதே பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை போதகர் அந்நியரை ஏற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசியபோது முதல் ஆமென் என்னுடையது. ஆமென் சொல்ல என்ன கஷ்டம்?

மார்ச் 5

போய்ப் பேசினேன். புருஷன் லாரி ஓட்டுகிறவர். சரக்கோடு இந்த ஊருக்கு வந்த இடத்தில் விபத்து, இடுப்பெலும்பு முறிவு. ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாதாம். "எங்க வீட்டுக்கு வாங்கக்கா" என்றேன்.

"நீங்க யாரு?"

"எதிர்க்கடைல கண்ணாடிக்கு லென்ஸ் போடுறவ."

மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "யாரு எவருன்னு தெரியாம கூட்டிட்டு வந்திருக்கியே" என்றார். "தெரிஞ்சா அப்புறம் அவங்க எப்படி அந்நியர்?" என்று கேட்டேன். எனக்கே என் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

மார்ச் 7

அக்கா பள்ளிக்கூடத்தில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவர். "இந்தக் கத்தி தண்ணியக்கூட வெட்டாது" என்று சொல்லி, பீங்கான் கோப்பையின் அடியில் தேய்த்துத் தீட்டிவிட்டார். மூன்று பேருக்குப் பத்துப் பேர் சாப்பாடு. இவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யாரு எவரு என்றவர்!

மார்ச் 8

உப்பு டப்பாவை எங்கே வைத்தார்? கர்த்தாவே, பொறுமை கொடும்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அக்காவும் ஆராதனைக்கு வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்தார். ஆண்டவர் செய்த நன்மையைச் சபை முன் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து மைக்கை வாங்கினேன். "போக்கிடமில்லாம பெஞ்சுல கெடந்த ஒருத்தியை ஆண்டவர் எங்க வீட்டுக்கு அனுப்பினார்" என்றேன். இன்னும் என்னென்னவோ. கண்ணீர்கூட விட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அக்கா பின்னால் இருப்பதை மறந்துவிட்டேனா? இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன் – ஐயோ, என்ன புத்தி எனக்கு!

முடிந்து திரும்பிப் பார்த்தால் பின்வரிசை காலி. வீட்டில் போர்வை மடித்திருந்தது. பை இல்லை.

மார்ச் 10

இவர் சொன்னது: "நீ செஞ்சதுல தப்பில்ல. சொன்னதுலதான்."

அக்கா பெஞ்சில் இருக்கிறார். கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போகத் தைரியம் வரவில்லை.

மார்ச் 11

மத்தியானம் போனேன். நின்றுகொண்டே இருந்தேன். அவர்தான் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க" என்றார்.

"எனக்கு வீடு இருக்கு. என் கையால சாப்பிடாத பிள்ளை எங்க ஊர்ல இல்ல. ஒரு நிமிஷத்துல என்னை நாதியத்தவளாக்கிட்டீங்க. சோறு போட்டீங்க, சரி. அதை மைக்குல சொல்லணுமா?"

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். அவ்வளவுதான்.

அக்கா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "நாளைக்கு ஆபரேஷன். பக்கத்துல இருக்கீங்களா? ஜெபம் பண்ணணும்னா மனசுக்குள்ள பண்ணுங்க" என்றார்.

மார்ச் 12

கடைக்கு லீவு. ஆபரேஷன் அறை வாசலில் நாலு மணி நேரம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. வளையல் பதிந்து தடம் இருக்கிறது. உதடு அசையாமல் ஜெபித்தேன். இவ்வளவு நாளில் ஒழுங்காகச் செய்த ஜெபம் இதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். புருஷன் கண் விழித்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அக்கா, "வா, பசிக்குது" என்று எங்கள் தெருப் பக்கம் நடந்தார். நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். அவர்களை ஊருக்குக் கூட்டிப்போக நாளைக்குத்தான் வண்டி வருகிறது. அதுவரை இரண்டு பேரும் நம் வீட்டில். இன்று ஆராதனையில், சக்கர நாற்காலியில் வந்த அவர் புருஷனையும் சேர்த்து, நால்வரும் ஒரே வரிசை. சாட்சி நேரத்தில் போதகர் என் பக்கம் பார்த்தார். நான் எழவில்லை.

வெளியே வரும்போது பாடகர் குழு அம்மா ஓடி வந்து, "இவங்கதானே நீங்க அன்னைக்குச் சொன்ன அந்த..." என்று ஆரம்பித்தார்.

"எங்க அக்காவும் மாமாவும்" என்றேன்.

அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமா. இவ எனக்கு இளையவ. கொஞ்சம் வாய் ஜாஸ்தி."