பழனிசாமி அண்ணனின் ஜி.ஜி.டி.

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே தூறல். மேட்டுப்பாளையம் தாண்டி, பாக்குத் தோப்புக்குள் இருக்கும் குடிமீட்பு இல்லத்துக்கு. மாதாமாதம் ரத்தம் எடுக்க லேபில் என்னைத்தான் அனுப்புகிறார்கள். கேட்பது ஒரே டெஸ்ட், ஜி.ஜி.டி. கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு வரும் என்சைம். குடித்தால் ஏறும். இறங்கியிருந்தால் வீட்டுக்குப் போன் பேசலாம். ஏறியிருந்தால் பின்னால் ஷெட்டில் ஓஸ் பைப்பால் அடி. வார்டன் வைத்த சட்டம்.

பழனிசாமி அண்ணன். வெளியே இருந்தபோது மோட்டார் காயில் கட்டுபவர். கை முழுக்கக் கன்றிப்போயிருந்தது. ஊசி குத்த இடம் தேடினேன். போன மாத ரிசல்ட்டும் நான் கொடுத்ததுதான்.

"ஏனுங் அம்மணி, இந்தத் தடவை கொஞ்சம் கொறைச்சு எழுதிப் போடுங்களேன். முதுகுல இனி இடமில்லீங்க." சிரித்தபடிதான் சொன்னார்.

பேசும்போதே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். வார்டன்: "பாத்தீங்களா ஒட்டகத்தை. குடிச்ச வாய் சும்மா இருக்குமா?"

நான் ட்யூபில் பெயர் ஒட்டினேன்.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணனுக்கு ஜி.ஜி.டி. போன மாதத்தைவிட அதிகம். பூட்டிய கேட்டுக்குள் சரக்கு எப்படி வரும்? ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் பால் மாதிரி வெள்ளை. அவ்வளவு கொழுப்பு. மீதி சாம்பிளில், யாரும் கேட்காத சுகரைப் போட்டுப் பார்த்தேன். நானூறுக்கு மேல்.

பி.எஸ்சி.யில் படித்ததுதான். கல்லீரலில் கொழுப்பு ஏறினாலும், சர்க்கரை வந்தாலும் இதே என்சைம் ஏறும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்க வேண்டாம்.

லேப் சாரிடம் சொன்னேன். "கேட்டதை மட்டும் குடு கண்ணு. மாசாமாசம் வர்ற பார்ட்டி." நான் பேசி முடிப்பதற்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. இன்று சாயங்காலமே ஷெட்.

வார்டனுக்குப் போன், எடுக்கவில்லை. அண்ணனின் மனைவிக்குப் போட்டேன். நாளைக்கு லேபுக்கு வருகிறாராம். டவுன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியை வார்டன் கழுத்து என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 11, புதன்

மனைவி சரஸ்வதி அக்கா வந்தார். எல்லாம் சொன்னேன். ஒரே மூச்சில் இவ்வளவு நான் யாரிடமும் பேசியதில்லை.

"அடிச்சாச்சும் திருத்துங்கன்னு நாந்தானுங்க சொல்லி உட்டேன்."

"அக்கா, அவர் இப்பக் குடிக்கலீங்க. இது சக்கரைங்க."

முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினார். இஸ்திரிப் பெட்டி வைத்த தழும்பு.

"இதைச் செஞ்சப்ப அவரு ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு யாருங்க பாத்தாங்க?"

எழுந்து போய்விட்டார். மதியப் புளிசாதம் நாய்க்கு.

ஜூன் 12, வியாழன்

லேப் திறக்கும் முன்பே வாசலில் சரஸ்வதி அக்கா. "வாங்க அம்மணி, போலாம். அடிக்கத்தான் சொன்னேன், சாகடிக்கச் சொல்லலீங்க."

இல்லத்தின் கேட்டில் பொய் சொன்னேன். சாம்பிள் கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்கணும், வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும். விட்டுவிட்டார்கள்.

ஷெட் தரையில் அண்ணன். சுற்றிலும் வாந்தி. ஓடி வந்தவர் மாதிரி ஆழமான மூச்சு. வாயில் நெயில் பாலிஷ் வாடை. சர்க்கரை முற்றினால் வருவது.

"மோந்து பாருங்க, எவனோ சரக்கு குடுத்திருக்கான். நடிக்கறான் நாயி." வார்டன் பைப்பை ஓங்கினார்.

"சரக்கு இல்லீங்க, சுகருங்க!" குறுக்கே போனேன். அடி என் முழங்கையில். கத்தினது நான்தானா?

அக்கா பைப்பைப் பிடுங்கினார். வார்டன் முகத்தில் ஒன்று. காது கிழிந்து ரத்தம். கீழே விழுந்தவர் மேல் இன்னொன்று. தவழ்ந்து எழுந்து வெளியே ஓடினார். அக்கா திரும்பினார். தரையில் கிடந்த அண்ணனின் தொடையில் ஒன்று, முழு பலத்தோடு.

"இது என்ற பங்கு."

பைப்பைத் தூக்கி எறிந்தார். "வண்டிக்குப் போன் போடுங்க அம்மணி."

ஆஸ்பத்திரி. இன்சுலின் ஏறுகிறது. தப்பித்துவிடுவார் என்கிறார் டாக்டர். என் கை வீங்கி, எழுத்தெல்லாம் கோணல்.

வெளியே பெஞ்சில் அக்கா முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம்: "ஊட்டுக்கு வந்தா மறுபடியும் அடிப்பாரான்னு பாக்கறதுக்கு ஏதாச்சும் டெஸ்ட் இருக்குதுங்களா?"

இல்லீங்க்கா என்றேன்.