இறுகிய மண்ணுக்கு எந்தப் பெட்டி?

துவாரகா, புது தில்லி
திங்கட்கிழமை

அன்புள்ள ஸ்நேஹா அப்பாவுக்கு,

சாந்தகுமாரி எழுதுவது. நானும் ஸ்நேஹாவும் சுகம். ஆபரேஷன் ஆன உங்கள் வலது கண்ணில் உறுத்தல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இன்னும் ஆறு நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதில் அரை நாள்கூடக் குறைக்க வேண்டாம். கழுத்து வலித்தால் வசுமதியிடம் சொல்லி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

வசுமதி, இதை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டப் போவது நீதான். ஒரு வரி விடாமல் படி. நடுவில் போதும் என்பார், நிறுத்தாதே. போனில் நான் என்ன சொன்னாலும் "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு உன் கையில் தந்துவிடுகிறார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றாள் ஸ்நேஹா. அதை நிறுத்த ஒரு விரல் போதும். அதனால்தான் ஆபீஸில் லஞ்ச் நேரத்தில் உட்கார்ந்து எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. உங்கள் ரிமோட் ரேஸ் காரைக் கிளப் பையன் பிரதீப்பிடம் கொடுத்துவிடு என்றீர்கள். நான் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பிரதீப் வந்தான். நல்ல பையன், முதலில் உங்கள் கண்ணைப் பற்றித்தான் கேட்டான். காரும் ரிமோட்டும் ஸ்பேர் டப்பாக்களும் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் கட்டி வாசலில் வைத்திருந்தேன். பெட்டியைத் தூக்கும்போது, "நாளைக்கு ரேஸ் ஆண்ட்டி. அங்கிள் பேரு ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்கு. நான் கேன்சல் பண்ணச் சொல்லிடறேன்" என்றான். எனக்கு என்ன ஆயிற்று என்று இப்போதும் தெரியவில்லை. பெட்டியின் மறுமுனையை நான் விடவில்லை. "கேன்சல் வேண்டாம். பேரை மட்டும் மாத்து. நான் ஓட்டறேன்" என்றேன். அவன் சிரித்தான். ஸ்நேஹாவும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆறு வருஷமாக அந்த மைதானத்தில் எனக்குத் தெரிந்த வேலை, கவிழ்ந்த கார்களை ஓடிப் போய் நிமிர்த்தி வைப்பதுதான். ஆனால் ஞாயிறு காலைகளில் நம் அபார்ட்மெண்ட் சொசைட்டி பார்க்கிங்கில் நீங்கள் ரிமோட்டை என் கையில் கொடுத்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியாதே.

வசுமதி, இது பொம்மைக் கார் இல்லை, அதனால் உனக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் மண்மேட்டில் தாவி, ஆள் உயரம் பறந்து இறங்கும். பின்பக்கம் ஒரு கியர் பெட்டி. உன் அண்ணன் இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று நிமிர்ந்த பெட்டி. அதை மாட்டினால் மோட்டார் உயரமாக, பின்தள்ளி நிற்கும். கனம் முழுக்கப் பின் சக்கரத்தில் விழுவதால் புழுதியில் வழுக்காது. இன்னொன்று படுத்த பெட்டி. மோட்டார் தரையோடு தாழ்ந்து, முன்தள்ளி இருக்கும். மண் இறுகிக் கிடந்தால் அதுதான் நல்லது. மோட்டார் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரமும் உண்டு, பல் கூடினால் வேகம் கூடும், மோட்டாருக்குப் பாரமும் கூடும். எந்த நாளில் எதை மாட்டுவது என்பதில்தான் பாதி ரேஸ்.

சனிக்கிழமை மாலை நல்ல மழை. ஞாயிறு காலை பளிச்சென்று வெயில். நஜஃப்கட் ரோடு தாண்டி மைதானத்துக்குப் போனபோது என் மனதில் உங்கள் நோட்டுப் புத்தகம்தான் ஓடியது. கிளப்பில் யாரும் எட்டிப் பார்த்துப் படித்துவிடக் கூடாது என்று தமிழில் எழுதிவைத்திருக்கிறீர்களே, அது. "நஜஃப்கட்: எப்போதும் நிமிர்ந்த பெட்டி. இருபத்து மூன்று பல்." இரண்டு முறை அடிக்கோடு வேறு. நீங்கள் சொன்னபடியே வைத்து முதல் சுற்றில் இறங்கினேன்.

நான்கு முறை கவிழ்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் மண்ணைக் கவ்விக்கொள்ள, உயரத்தில் இருந்த மோட்டார் காரையே சாய்த்துத் தள்ளிவிட்டது. ஒன்பது பேரில் ஒன்பதாவது. பிரதீப் என்னை இரண்டு முறை தாண்டிப் போனான். வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

அடுத்த சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. தடத்தில் இறங்கி நடந்தேன். குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். பதியவே இல்லை. செருப்பில் ஒரு பொட்டுப் புழுதி ஒட்டவில்லை. மழையும் வெயிலும் சேர்ந்து மண்ணை சிமெண்ட் தரையாக்கியிருந்தன. திரும்பி வந்து, படுத்த பெட்டியை எடு என்றேன். ஸ்நேஹா பதறிவிட்டாள். "மா, அப்பா எப்பவும் இதுதான்னு எழுதியிருக்கார்ல. ரிஸ்க் எதுக்கு?"

"அப்பா எழுதினது புழுதியைப் பாத்து. இன்னைக்கு மண்ணைப் பாக்கறது நான்" என்றேன். கோபப்படாதீர்கள். சொன்னபோது எனக்கே பயமாகத்தான் இருந்தது.

பதினான்கு திருகாணிகள். நோட்டில் நீங்கள் வரைந்திருந்த படத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல, அவள் கழற்றினாள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறவள், திருகாணியை மட்டும் உங்களைப் போலவே கழற்றுகிறாள். ஒன்று கீழே விழுந்து புல்லுக்குள் போனது. மண்டியிட்டுத் தேடி எடுத்தோம். மோட்டார் பல்லுக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி வைக்க நீங்கள் காகிதத் துண்டு செருகுவீர்களே, நாங்கள் பார்க்கிங் சீட்டைக் கிழித்துச் செருகினோம்.

இரண்டாவது சுற்றில் மூன்றாவதாக வந்தேன்! கார் தண்டவாளத்தில் போவதைப் போல வளைந்தது. ஒரு முறைகூடக் கவிழவில்லை. ஸ்நேஹா குதித்த குதியில் பக்கத்து டேபிள் சர்தார்ஜியின் சாய் கொட்டிவிட்டது. அவர் துடைத்துக்கொண்டே "ஷாபாஷ், பெஹன்ஜி" என்று சொந்தத் தங்கையைப் போலப் பாராட்டினார்.

ஆனால் மோட்டாரில் விரல் வைத்தால் இரண்டு எண்ணுவதற்குள் சுட்டது. வளைவிலிருந்து கிளம்பும்போது திணறுவதும் காதில் கேட்டது. பிடி இருக்கிற மண்ணில் இருபத்து மூன்று பல் அதற்குப் பாரம். ஃபைனலுக்கு இருபத்தொன்றை மாட்டினேன். நேர்ப் பாதையில் கொஞ்சம் வேகம் போகும், போகட்டும், வளைவில் பிடித்துவிடலாம் என்று கணக்கு. இதைப் பற்றி நோட்டில் நீங்கள் எதுவுமே எழுதவில்லை. முழுக்க என் யோசனை.

ஐந்து நிமிஷ ஃபைனல். நேர்ப் பாதையில் பிரதீப் போய்க்கொண்டே இருந்தான். ஒவ்வொரு வளைவிலும் நான் அவன் வாலைப் பிடித்தேன். கடைசி நிமிஷத்தில், அடுத்தடுத்து இருந்த மூன்று மண்மேட்டையும் ஒரே தாவாகத் தாவ அவன் வேகமெடுத்தான், கார் குறுக்காக இறங்கியது. நான் இரண்டைத் தாவி, மூன்றாவதில் ஏறி, உள்பக்கமாகப் போய்விட்டேன். இரண்டாவது இடம்! சண்டிகரிலிருந்து வந்த ஒருவர்தான் எனக்கு முன்னால். பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு நடக்கத் தெரியவில்லை, ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மேடையை நோக்கி ஓடுவேன் என்று நினைத்தே பார்த்ததில்லை.

பிரதீப் வந்து, எந்தப் பெட்டி, எத்தனை பல் என்று கேட்டான். டீம் ரகசியம் என்று சொல்லிவிட்டேன். "இந்தக் காரை இனிமே நான் கேக்க மாட்டேன் ஆண்ட்டி" என்று கை கொடுத்துவிட்டுப் போனான்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் டாக்டர் உங்களிடம் தனியாக என்ன பேசினார் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில்தான் காரைக் கொடுத்துவிடு என்றீர்கள்.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். ஃபைனலின் மூன்றாவது நிமிஷத்திலிருந்து, மேட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் "கர்ர்" என்று ஒரு சத்தம். இடைவெளி அதிகமாகிவிட்டது என்கிறான் பிரதீப். கிளச் தளர்ந்திருக்கிறது என்கிறேன் நான். சர்தார்ஜி பேரிங் என்கிறார். ஸ்நேஹா சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் வசுமதியின் போனுக்கு வந்திருக்கும். படுத்த இடத்திலிருந்தே கேளுங்கள். பாத்ரூமில் வாஷிங் மெஷின் சுற்றுவதைக் கேட்டே பெல்ட் போயிற்றா, பேரிங் போயிற்றா என்று சொல்கிறவர் நீங்கள். எங்கள் மூன்று பேரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் பெட்டியைப் பிரிக்க மாட்டேன்.

கண்ணுக்குள் வாயு வைத்திருப்பதால் இப்போதைக்கு விமானம் கூடாதாம். பதினெட்டு வருஷம் விமான நிலையத்தில் பயணிகளின் சாமான் வரும் பெல்ட்டை ஓட்டியவருக்கு ரயில்தான். சம்பர்க் கிராந்தியில் உங்களுக்குக் கீழ் பெர்த் போட்டிருக்கிறேன். அழைத்து வர நானே மதுரைக்கு வருகிறேன்.

அடுத்த ரேஸ் வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு. படிவத்தை நேற்றே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். டிரைவர் என்ற இடத்தில் என் பெயர். மெக்கானிக் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ராஜகோபால் என்று எழுதிவிட்டேன். உங்களைக் கேட்காமல் எழுதியது தப்புதான். திட்டுவதாக இருந்தால் போனில் வாய் திறந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயரை மட்டும் அடிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
சாந்தகுமாரி