இடிச் சித்தப்பா

இன்னும் என் கணவராக இருப்பவருக்கு,



பல் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் இன்று மத்தியானம் என் காதில் ஹெட்போனை மாட்டினாள். "அக்கா, இதுக்குப் பேரு சிம்ஃபொனிக் பவர் மெட்டல். புது பேண்டு, முதல் ஆல்பம். கேட்டுட்டு ஆடிப்போயிட்டேன்."

வயலின்கள் படை திரண்டு வந்தன. டிரம்ஸ் நெஞ்சுக்குள் இடித்தது. கிடார் சீறியது. அத்தனைக்கும் மேலே ஏறி நின்று ஒரு பெண் பாடினாள். யார் பெற்ற பெண்ணோ என்று வாய்பிளந்து கேட்டேன். அப்போது ஒரு கூட்டமே சேர்ந்து, "இடிச் சித்தப்பா! இடிச் சித்தப்பா!" என்று முழங்கியது. கையிலிருந்த ட்ரே கீழே விழுந்துவிட்டது.

இடிக்குப் பயந்து அழுத நம் மகளிடம், "அது என் தம்பிம்மா, உன் சித்தப்பா" என்று நீங்கள் சொன்னது நம் மூவருக்கும்தானே தெரியும்?

நீங்கள் போனதிலிருந்து தண்ணீர் கேட்கக்கூட வாய் திறக்காதவளா இப்படிப் பாடுகிறாள்?

வீட்டுக்கு வந்ததும், "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று அவளைக் கேட்டேன்.

"அப்பாவுக்குக் கேக்கணும்னுதாம்மா பாடினேன். நீதான் இங்கயே இருக்கியே" என்று வாய் திறந்தாள்.

அந்த ஆல்பத்தின் சிடியை இதோடு வைத்திருக்கிறேன். சத்தமாக வைத்துக் கேளுங்கள். உங்கள் தம்பி கூப்பிடுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா