நான் எடுக்காத மூன்று அழைப்புகள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அம்மாவும் மகளும் நலமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வெறும் சிமெண்டுத் தரையில் படுக்காதீர்கள். போர்வையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். மகள் ஒருவழியாகக் கணக்கில் தேறிவிட்டாள். கூடத்து மின்விசிறி இப்போது கத்தாமல் சுற்றுகிறது.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீங்கள் சிறையிலிருந்து கூப்பிடும்போது நான் போனை எடுக்கவில்லை. மகள்தான் எடுத்து, அம்மா குளிக்கிறாங்க என்று சொன்னாள். போன வாரம் பேசி முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்து, "இங்க குடுக்கறதே பத்து நிமிஷம், அந்தப் பத்து நிமிஷத்துலதான் உங்கம்மா குளிப்பாளான்னு அப்பா கேட்டாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்களாம். அதைக் கேட்டபின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மேல் எனக்கு என்ன கோபம்.

விபத்து நடந்த அன்றைக்குச் சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. மெயின் வால்வு எங்கே என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். வேன் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டேன். "படிக்கட்டுக்குக் கீழ பாரு" என்றீர்கள். அதோடு லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவில்லை. பிரேக் சத்தத்தைக் கேட்டேன். சைக்கிள் விழுந்ததைக் கேட்டேன். நீங்கள் இறங்கி ஓடி, "ஐயா, கண்ணைத் திறங்க, ஐயா" என்று அந்த மனிதரைக் கூப்பிட்டதையும் கேட்டேன். தண்ணீர் கணுக்கால்வரை ஏறியும் எனக்கு நகரத் தோன்றவில்லை.

இப்போது நீங்கள் ஹலோ என்றாலே எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிவிட்டேன். அந்த மனிதர் இறந்து ஒரு வருஷம் ஆன நாளிலிருந்து முடியவில்லை.

போன் பேசியதைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டீர்கள். யாருகூடப் பேசினே என்று அத்தை கேட்டதற்கு மட்டும், ஆபீஸ்லருந்து என்றீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். ஆனால் அத்தை தினமும் என்னிடம் டீயை வாங்கிக்கொண்டே, "எம்புள்ளைக்குப் போன் போட்ட கை விளங்குமா" என்பார். நானும் தலையாட்டுவேன்.

வியாழக்கிழமை தாங்க முடியாமல், கூப்பிட்டது நான்தான், எல்லாவற்றையும் போனில் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப இத்தனை நாளா உன்னையா திட்டினேன்" என்று மட்டும் கேட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, சோப்பு நுரையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் போட்டிருக்கக் கூடாது, அவனும் எடுத்திருக்கக் கூடாது. போன உயிருக்கு நாம யாரும் ஈடு சொல்ல முடியாது. அதுக்காக நீ ஒருத்தியே எல்லாத்தையும் சுமக்காத" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ கேட்டதை அவங்கிட்ட சொல்லிட்டியா" என்று கேட்டார். இல்லை என்றேன். "மொதல்ல அதைச் செய்" என்று சொல்லிவிட்டு, கழுவின பாத்திரங்களை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்களாம். படிக்கட்டும், பரவாயில்லை.

இறந்தவரின் மனைவியிடமும் ஒருநாள் நான் போய், கூப்பிட்டது நான்தான் என்று சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இந்த ஞாயிறு பதினோரு மணிக்கு நான்தான் எடுப்பேன். எடுத்ததும் எனக்குக் குரல் எழும்பாமல் போகலாம். வைத்துவிடாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள், எதையாவது சொல்லிக்கொண்டே இருங்கள். அந்தப் பத்து நிமிடமும் நீங்களே பேசினாலும் சரி.

உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அத்தையும் எழுதச் சொன்னார்.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி